வயிறு ஏற்காத மாத்திரை

(நாகபுரியில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் தமிழறிஞர்கள் பேசக் கேட்டிருக்கின்றீர்கள். இவ்வாண்டு செயலாளர் அவர்கள் என்னை அழைத்தபோது, "ஐயா, பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு பார்சல் அலுவலகத்தில் பேரேடு எழுதுகின்றவன் நான். நான் என்ன பேசுவது?" என்று கேட்டேன். "உமக்கு நேர்ந்ததைச் சொல்லும், அதுவே போதும்" என்றார். ஆகவே எனக்கு நேர்ந்ததையும், அதனால் நான் தேடி அறிந்துகொண்டதையும் மட்டுமே சொல்லப் போகின்றேன். நான் மருத்துவன் அல்லன். மருத்துவர் சொல்லியும் கேளாமல் இருந்து, பின்னர் கேட்டுத் திருந்தியவன். அவ்வளவே என் தகுதி.

நம் குடியிருப்பில் இரவு முறைப் பணி என்றால் என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நள்ளிரவில் தேநீர், விடியற்காலையில் பொரித்த பண்டம், பகலில் தூக்கம். இப்படிச் சில ஆண்டுகள் சென்றதும் நெஞ்செரிச்சல் வந்தது. கடையில் கேட்டு, அமிலத்தைக் குறைக்கும் காப்ஸ்யூல் ஒன்றை வாங்கி, நாள்தோறும் காலையில் விழுங்கத் தொடங்கினேன். எரிச்சல் நின்றது. நின்றதே என்று மகிழ்ந்து நான்கு ஆண்டுகள் எவரையும் கேளாமல் விழுங்கிக்கொண்டே இருந்தேன்.

பிறகு சோர்வு வந்தது. நாக்குப் புண்ணாயிற்று. மேம்பாலப் படியேறினால் மூச்சு வாங்கியது. பாதங்களில் எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சி. "சத்துக் குறைவு, வைட்டமின் மாத்திரை போடுங்கள்" என்றார் உடன் பணிபுரியும் நண்பர். போட்டேன். வெறும் வயிற்றில், தேநீரோடு. அரை மணி நேரத்தில் குமட்டல். மூன்றாம் நாள் அலுவலகத்திலேயே வாந்தி. மருத்துவரிடம் சென்றேன், அவரும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. மறுபடி அவரிடம் சென்று சொல்வதற்கு வெட்கம். வீட்டில் சொன்னால் கவலைப்படுவார்கள் என்று ஒரு சாக்கு. வாங்கிய அட்டைகளை எல்லாம் அலுவலக மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். மனைவி, "மாத்திரை போட்டுக்கொண்டீர்களா?" என்று கேட்கும்போதெல்லாம், "ஆயிற்று" என்று பொய் சொன்னேன். இப்படி எட்டு மாதங்கள்.

ஒரு மாலைப்பொழுதில் என் மகளோடு நிலையத்தின் மேம்பாலத்தில் நடந்து கொண்டிருந்தேன். பின்னால் வந்த குழந்தை கூப்பிட்டாள்: "அப்பா, செருப்புக் கழன்று விட்டதே, தெரியவில்லையா?" திரும்பிப் பார்த்தேன். பத்தடி தொலைவில் என் இடது காற்செருப்புக் கிடந்தது. வெறுங்காலோடு நடந்து வந்திருக்கின்றேன். என் கால் அதனை அறியவில்லை. அந்தச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் என்னை நோக்கிய பார்வையை நான் என்றும் மறக்கமாட்டேன்.

மறுநாள் இழுப்பறையைத் திறந்து அட்டைகளை ஒரு பையிலிட்டு வீட்டுக்குக் கொண்டு சென்றேன். பதினோரு அட்டைகள். என் மனைவி அவற்றை எண்ணி முடித்து, "என்னிடமாவது சொல்லியிருக்கலாமே" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அதன்பின் இருவரும் மருத்துவரிடம் சென்றோம். அவர் இரத்தத்தைச் சோதித்தார். சர்க்கரை நோய் இல்லை. பி12 என்னும் வைட்டமின் மிகவும் குறைந்திருந்தது. "மாத்திரை ஒத்துக்கொள்ளாதது உங்கள் குற்றம் அன்று, ஒத்துக்கொள்ளவில்லை என்று வந்து சொல்லாததே குற்றம்" என்றார் அவர். இன்று நான் உங்களுக்குச் சொல்ல வந்த செய்தியும் அதுவே.

நண்பர்களே, வைட்டமின் என்பது நமக்கு மிகவும் பழகிப்போன சொல். ஆனால் அச்சொல் பிறந்து சற்றேறக்குறைய ஒரு நூற்றாண்டே ஆகின்றது. போலந்து நாட்டில் பிறந்த காசிமிர் ஃபங்க் என்னும் அறிஞர் 1912-ஆம் ஆண்டில் அதனை உருவாக்கினார். உணவில் மிகச் சிறிய அளவில் இருந்து, இல்லாவிட்டால் நோயைத் தரும் பொருள்களுக்கு அப்பெயர் நிலைத்தது. பழைய தமிழ் நூல்களில் உயிர்ச்சத்து என்று எழுதினார்கள். பொருத்தமான பெயரே. ஆனால் எல்லா உயிர்ச்சத்தும் ஒரே பொருள் அன்று. ஒவ்வொன்றுக்கும் வேறு வேலை, வேறு வழி. ஆகவே "வைட்டமின் மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று ஒரே வரியில் முடித்துவிடலாகாது. எந்த வைட்டமின், எதனால் குறைந்தது, எவ்வழியாகச் சேர்ப்பது என்னும் மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும்.

முதலில் என் கதையையே எடுத்துக்கொள்வோம். பி12 தாவர உணவில் இல்லை எனலாம். பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி இவற்றில்தான் உண்டு. நாங்கள் சைவ உணவினர். ஆயினும் பாலும் தயிரும் உண்பவர்களே. அப்படியானால் எனக்கு மட்டும் ஏன் குறைந்தது?

நம் பார்சல் அலுவலகத்து வழக்கம் ஒன்றைச் சொன்னால் எளிதில் விளங்கும். சரக்கு வண்டியிலிருந்து இறங்கிவிட்டது என்பதனால் உரியவர் கைக்குச் சேர்ந்ததாகாது. ரசீதைக் காட்டினால்தான் விடுவோம். பி12-உம் அப்படித்தான். அது உணவில் புரதத்தோடு கட்டுண்டு வருகின்றது. அந்தக் கட்டைப் பிரிப்பது வயிற்றிலுள்ள அமிலம். பிரிந்த பிறகு, இரைப்பையின் சுவரில் சுரக்கும் ஒரு தனிப் புரதம் ரசீதைப் போல அதற்குத் துணைசெல்கின்றது. அந்த ரசீது இருந்தால்தான் சிறுகுடலின் கடைப்பகுதி அதனை உள்ளே ஏற்றுக்கொள்ளும். நானோ நான்கு ஆண்டுகளாக அமிலத்தை அடக்கி வைத்தேன். கட்டுப் பிரிக்க ஆளில்லை. குடித்த பாலில் இருந்த பி12 வந்த வழியே சென்றுவிட்டது. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் என்னும் மருந்தை நெடுநாள் உண்பவர்களுக்கும் பி12 குறைவதுண்டு. நம் குடியிருப்பில் அம்மருந்தை உண்பவர் பலர். அவர்கள் மருந்தை நிறுத்த வேண்டா. ஆனால் பி12 அளவைச் சோதிக்கலாமா என்று தம் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

பி12-ஐ நம் கல்லீரல் சில ஆண்டுகளுக்கு வேண்டிய அளவு சேமித்து வைத்திருக்கின்றது. ஆகவே வரவு நின்ற அன்றே குறை தெரியாது. இருப்புத் தீர்ந்த பின்னரே தெரியும். அதற்குள் நரம்பு கெடத் தொடங்கியிருக்கும்.

சரி, மாத்திரை ஏன் குமட்டியது? அதனையும் மருத்துவர் விளக்கினார். நான் விழுங்கியது இருபதுக்கும் மேற்பட்ட சத்துக்களை ஒன்றாகத் திணித்த மாத்திரை. அதில் இரும்பும் துத்தநாகமும் இருந்தன. இவ்விரண்டும் வெறும் வயிற்றைப் புரட்டுவதில் பெயர் பெற்றவை. என் வயிறு வெறுத்தது அவற்றைத்தான், பி12-ஐ அன்று. முதலில் சில வாரங்கள் அவர் ஊசி வழியாகப் பி12 தந்தார். ஊசிக்கு வயிற்றின் தயவு வேண்டியதில்லை அல்லவா? பின்னர்த் தனிப் பி12 மாத்திரை ஒன்றை உணவுக்குப் பின் உண்ணச் சொன்னார். மாத்திரையிலுள்ள பி12 புரதத்தோடு கட்டுண்டதன்று. அதனைப் பிரிக்க அமிலம் வேண்டா. இன்றுவரை அது எனக்கு எத்தொல்லையும் தந்ததில்லை. அமிலக் காப்ஸ்யூலையும் அவர் சொற்படி படிப்படியாகக் குறைத்து விட்டுவிட்டேன்.

ஆகவே, மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலில் செய்ய வேண்டியவை சில. வெறும் வயிற்றில் விழுங்காமல், நல்ல உணவுக்குப் பின் ஒரு குவளைத் தண்ணீரோடு விழுங்கிப் பாருங்கள். விழுங்கியவுடன் படுக்காதீர்கள். பல சத்துக்கள் கலந்த மாத்திரைக்குப் பதிலாக, குறைவாக உள்ள ஒன்றை மட்டும் தரமுடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். அளவைக் குறைக்கலாமா, திரவ மருந்தாகத் தரலாமா, ஊசியாகத் தரலாமா என்றும் கேளுங்கள். இரும்புச் சத்து வைட்டமின் அன்று; ஆயினும் பெண்களுக்குப் பெரிதும் தொல்லை தருவது அதுவே. அதனை ஒருநாள் விட்டு ஒருநாள் உண்டாலும் உடல் நன்றாகவே ஏற்கின்றது என்று அண்மைக்கால ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. அதுவும் மருத்துவர் சொன்னால் மட்டுமே. இரும்போடு தேநீரைச் சேர்க்கலாகாது. தேநீர் அதனைத் தடுத்துவிடும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு எளிதில் உடலில் சேரும்.

இனி, மாத்திரையின்றி உணவினாலேயே பெறக்கூடியவை எவை என்பதற்கு வருவோம். இவ்வகையில் நமக்கு அருகிலேயே ஒரு நல்ல சான்று உண்டு. 1928-ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில நாட்டு மருத்துவ அம்மையார் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடுமையான இரத்தச் சோகைக்கு ஆளாயினர். நுண்கிருமிதான் காரணமோ என்று முதலில் தேடினார், அது காரணமன்று. அவர்கள் உண்ட உணவிலேயே குறை இருந்தது. ஈஸ்ட்டின் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார், பெண்கள் தேறினர். 1931-இல் இதனை வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்த பொருளை இன்று ஃபோலேட் என்கின்றோம். பசுங்கீரையிலும் பயறு பருப்புகளிலும் அது நிறைய உண்டு. இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்தே அதற்கு அப்பெயர் வந்தது.

நம் புதன்கிழமைச் சந்தையைப் பாருங்கள். மேத்தி என்று விற்பது நம் வெந்தயக்கீரை. அம்பாடி என்பது நம் புளிச்சக்கீரை. சௌலாயி என்பது நம் தண்டுக்கீரையின் இனம். பாலக் இருக்கவே இருக்கின்றது. முருங்கையோ நம் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு நிற்கின்றது; காயைப் பறித்துக்கொண்டு இலையை ஆட்டுக்கு விடுகின்றோம். அவ்விலையில் உடல் 'ஏ' வைட்டமினாக மாற்றிக்கொள்ளும் பொருள் நிறைந்துள்ளது. 'ஏ' எண்ணெயில் கரைவது. ஆகவே கீரையையும் காரட்டையும் ஒரு தேக்கரண்டி எண்ணெயோடு சமைத்தால்தான் முழுப்பயன்.

'சி' வைட்டமினுக்கு நாகபுரியில் பஞ்சம் உண்டா? ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 80 மில்லிகிராம் போதும் என்பது நம் நாட்டு ஊட்டச்சத்து அறிஞர்களின் கணக்கு. நம்மூர் ஆரஞ்சு இரண்டு மூன்று உண்டால் ஏறக்குறைய அவ்வளவு கிடைக்கும். புளிப்பு ஆகாத என் போன்ற வயிற்றினர்க்கு நன்கு கனிந்த கொய்யா ஒன்றே போதும்; பப்பாளித் துண்டுகளும் நன்று. நெல்லிக்காய் இவை எல்லாவற்றுக்கும் மேல். ஆனால் 'சி' வெப்பத்தில் அழியும், நீரில் கரைந்தோடும். காய்களை நறுக்கிய பின் கழுவலாகாது. கழுவிய பின் நறுக்க வேண்டும். ரசத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே எலுமிச்சை பிழியவேண்டும் என்று நம் பாட்டிமார் செய்தது நூறு பங்கு சரி.

அடுத்து அரிசி. நீலகிரி மலையில் குன்னூரில் ஓர் ஆராய்ச்சிச்சாலை இருந்தது. 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குவது அதுவே. குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் 1920-களில் எலிகளுக்கு இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் உணவை அளித்து வளர்த்துப் பார்த்தார். முழுக்கோதுமை, பால், பருப்பு, காய்கறி உண்ட சீக்கியர் உணவு எலிகள் முதலிடம் பெற்றன. சென்னை மாகாணத்து உணவை உண்ட எலிகள் கடைசியில் நின்றன. தீட்டிய அரிசி மிகுதி, பாலும் காயும் குறைவு, அதுவே காரணம். நாம் வந்து குடியேறிய இந்த மராட்டியரின் உணவுகூட நம்முடையதைவிட மேலான இடத்தில் இருந்தது. நம் உணவைப் பழிப்பதற்காக இதனைச் சொல்லவில்லை. நம் முன்னோரே இதற்கு மாற்றும் வைத்திருந்தனர். புழுங்கல் அரிசியே அந்த மாற்று. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள்ளே புகுந்துகொள்கின்றது. பின்னர்த் தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. இங்கு வந்த பிறகு புழுங்கல் கிடைக்கவில்லை என்று பச்சரிசிக்கு மாறினோம். அதனையும் ஐந்து தண்ணீர் விட்டுக் கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டுகின்றோம். கிடைக்கும்போது புழுங்கல் வாங்குங்கள். இல்லையேல் ஒருவேளையாவது இவ்வூர்ச் சோள ரொட்டியையோ கோதுமையையோ உண்ணுங்கள். கழுவுவதை இரண்டு தண்ணீரோடு நிறுத்துங்கள். கஞ்சியை வீணாக்காதீர்கள்.

இட்லி மாவு புளிக்கும்போது 'பி' வகைச் சத்துக்கள் சில கூடுகின்றன, உண்மைதான். ஆனால் பி12-க்கு இட்லியை நம்பலாகாது. நான் அப்படி நம்பியவன், ஆகவே எச்சரிக்கின்றேன். பி12-க்குச் சைவர்கள் பாலையும் தயிரையுமே நாட வேண்டும். அரை லிட்டர்ப் பாலில் ஒருநாள் தேவைக்கு நெருங்கிய அளவு, அதாவது ஏறக்குறைய 2 மைக்ரோகிராம் உண்டு. முட்டை உண்போர்க்கு அதுவும் துணை.

'டி' வைட்டமின் உணவில் மிகக் குறைவு; வெயிலே அதன் ஊற்று. காலை பத்து மணிக்குப் பின், முகத்திலும் கைகால்களிலும் சிறிது நேரம் நேராக வெயில் பட வேண்டும். கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் அமர்ந்தால் பயனில்லை. அதற்குரிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். நம்மூர் மே மாத வெயிலில் நெடுநேரம் நின்று மயங்கி விழாதீர்கள்! 'ஏ', 'டி' சேர்க்கப்பட்ட பாலும் இப்போது கிடைக்கின்றது. உறையில் கூட்டல் குறியும் ஆங்கில எஃப் எழுத்தும் இருக்கும்.

உணவு மட்டும் போதாத இடங்களும் உண்டு. இதனை மறைத்தால் நான் உங்களுக்குத் தீங்கு செய்தவனாவேன். கருவுற்ற சகோதரிகளுக்கு நம் அரசு 180 நாள் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கலந்த மாத்திரை தருகின்றது. குமட்டினால் அதனைக் குப்பையில் எறியாதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள், வேறு வகை உண்டு, ஊசி வழியும் உண்டு. மாமியார், கணவர் ஆகியோர் "எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது?" என்று பேசாதிருப்பது பேருதவி. இரைப்பையில் நான் முன்சொன்ன அந்த 'ரசீது' சுரக்காதவர்களும் உண்டு. அவர்கள் எவ்வளவு பால் குடித்தாலும் பி12 சேராது. அவர்களுக்கு மருத்துவம் வாழ்நாள் முழுவதும் வேண்டும். பி12 குறைந்திருக்கும்போது ஃபோலிக் அமிலத்தை மட்டும் தாமாக வாங்கி உண்பது ஆபத்து. இரத்தம் தேறியது போலத் தோன்றும். நரம்போ உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். 'ஏ', 'டி' இரண்டும் அளவுக்கு மிஞ்சினால் உடலில் தங்கித் தீங்கு செய்யும். ஆகவே கூடுதலும் நன்றன்று.

கைகால் மரத்தல், நடையில் தள்ளாட்டம், நாக்குப் புண், மறதி, காரணமறியாச் சோர்வு, இவை வந்தால் சமையலறையில் மருந்து தேடிக் காலங் கடத்தாதீர்கள். முதலில் சோதனை.

திருக்குறளில் மருந்து என்று ஓர் அதிகாரம் இருக்கின்றது. அதில் அளவறிந்து உண்ணும் முறையே முதலில் வருகின்றது. மருத்துவன் பின்னர் வருகின்றான். ஆனால் வருகின்றான் என்பதையும் மறக்கலாகாது. உணவும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

என் நிலை இன்று எப்படி என்று கேட்பீர்கள். சோர்வு சில வாரங்களில் அகன்றது. படியேறினால் மூச்சு வாங்குவதில்லை. மரத்துப்போனது பெரும்பாலும் மீண்டுவிட்டது. இடது காலின் இரண்டு விரல் நுனிகளில் மட்டும் இன்னும் உணர்ச்சி திரும்பவில்லை. திரும்பாமலே போகலாம் என்கின்றார் மருத்துவர். அது நான் மறைத்த எட்டு மாதங்களுக்கு நான் செலுத்தும் தண்டம். சரக்கைக் காலத்தில் எடுக்காமல் கிடக்க விட்டால் நாள் கணக்கில் கட்டணம் ஏறும் என்பது நமக்குத் தெரியாததா?

பெரியோர்களே, தாய்மார்களே! விழா முடிந்து இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் உங்கள் மேசை இழுப்பறையையும் அலமாரியின் மேல்தட்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பிரிக்காத மாத்திரை அட்டை இருந்தால் அதனைக் கையில் எடுத்துக்கொண்டு நாளைக்கே மருத்துவரிடம் செல்லுங்கள். "இது என் வயிற்றுக்கு ஆகவில்லை, வேறு வழி சொல்லுங்கள்" என்று கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. வேறு வழி உண்டு.